மண்ணெண்ணெய்க் கார்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31, செப்டெம்பர் 1 ஆகிய இரு நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள நகர வீதிகளில் இரவுக் கார்ப் பந்தயம் நடைபெற்றது. 3.5 கிலோமீற்றர் சுற்று. வீதியெங்கும் பகல் போன்ற வெளிச்சம். அண்மையில் அதன் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் ஒருவன், "மாமா, எங்கட யாழ்ப்பாணத்தில இப்பிடி ஒண்டு எப்ப வரும்?" என்று கேட்டான். வரக்கூடாது என்றேன். முகம் சுருங்கிப் போய்விட்டான். அவனுக்கு அன்று சொல்லாத விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

வேகம் எங்கள் மண்ணில் பஞ்சப்பட்ட பொருளன்று. காபெற் இட்ட வீதிகள் வந்தபின்னர், திங்கட்கிழமைக் காலைகளில் செய்தி மேசைக்கு வந்துசேரும் விபத்துச் செய்திகளில் இறந்துபோன பிள்ளைகளின் வயதைச் சரிபார்த்துப் பழகிய கண்கள் என்னுடையவை. அந்த வேகத்துக்கு ஒரு மேடையும் கோப்பையும் தேவையில்லை.

ஆனால், வார இறுதியில் கார்கள் வீதிக்கு வர, ஊர் கூடிநின்று பார்க்கும் ஒரு விழா வேண்டும். அது பந்தயமாக இருத்தலாகாது என்பதே என் வாதம். ஓட்டிக் காட்டுவதற்கு எங்களிடம் வேறொன்று இருக்கிறது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. நான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவன். ஊரில் அவசரத்துக்கு ஓடியவை, முந்திய தலைமுறை வாங்கிப் போற்றிவைத்த ஒஸ்ரின் ஏ 40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களே. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

எங்கள் ஒழுங்கையில் வாடகைக் கார் ஓட்டிய பெரியப்பா ஒருவர் இருந்தார். அவருடையது ஏ 40. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. எனவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பழைய கார்களின் இயந்திரங்களில் அமுக்கம் குறைவு. ஆகவே தரங்குறைந்த எரிபொருளை அவை சகித்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும், அதையும் கவனிக்கவேண்டும். இவற்றையெல்லாம் எங்கள் கராஜ்காரர்கள் பட்டறிவால் கற்றார்கள். "தம்பி, பெற்றோல் மணத்தை ஒருக்காக் காட்டினாக் காணும், மிச்சத்தை மண்ணெண்ணெய் பாத்துக்கொள்ளும்" என்பார் பெரியப்பா.

ஒருநாள் நள்ளிரவில் அயல்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. பற்றரி இல்லாத அந்தக் காரைத் தள்ளி இயக்கிய நால்வரில் நானும் ஒருவன். விமானத்துக்கு அஞ்சி விளக்கில்லாமல், நிலவொளியில் அது ஊர்ந்து சென்றது. ஒழுங்கை முழுதும் கண்ணெரிக்கும் புகை. தாயும் பிள்ளையும் நலமாகத் திரும்பினர். அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பது வயது கடந்துவிட்டது.

பெரியப்பா இன்றில்லை. அவருடைய காரும் எங்கள் ஒழுங்கையில் இல்லை. பழைய கார் சேர்க்கும் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து நல்ல விலைக்கு வாங்கிச் சென்றார். அதைக் குறைகூற மாட்டேன். ஆனால் கார் விலைப்பட்டதைப்போல், அதை ஓடவைத்த அறிவு விலைப்படவில்லை. அதைக் கைவசம் வைத்திருந்த கராஜ்காரரும் எதையும் எழுதிவைக்காமலே போய்ச்சேர்ந்தார். எனக்கு உறுத்துவது அதுதான்.

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று லண்டனிலிருந்து பிறைற்றனுக்கு ஏறத்தாழ 60 மைல் தூரம் பழங்கார்கள் ஓடுகின்றன. 1905க்கு முந்தியவை மட்டுமே கலந்துகொள்ளலாம். முதலில் வந்தவருக்குப் பரிசென்று எதுவுமில்லை, போய்ச்சேர்வதே பெருமை. 1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, காருக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்லவேண்டும் என்ற விதி நீங்கியதைக் கொண்டாட ஓடிய ஓட்டத்தின் நினைவு அது. ஒரு சட்டம் மாறியதற்கே அவர்கள் இவ்வளவு நன்றி பாராட்டுகிறார்கள்.

தென்னிலங்கையில் நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றக் காரோட்டம் 1930களிலிருந்து பெயர்பெற்றது. எங்கள் வல்வெட்டித்துறையிலோ, தைப்பொங்கல் நாளில் கடற்கரையில் பிள்ளைகள் ஏற்றிய பட்டம் இன்று பெருவிழாவாகி உலகெங்கும் பேசப்படுகிறது. கைவினையை விழாவாக்க எங்களுக்குத் தெரியும்.

ஆகவே என் யோசனை இது. சனிக்கிழமை முற்றவெளியில் கார்கள் நிற்கட்டும். எஞ்சியிருக்கும் பழைய கராஜ்காரர்களும் சாரதிகளும் பொனற்றைத் திறந்து, தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்; அது ஒலி, ஒளிப் பதிவாகட்டும். மாலை மரியாதைகள் பிரமுகர்களுக்கு வேண்டாம், அவர்களுக்கே. ஞாயிறு காலை நல்லூர், கோப்பாய், நீர்வேலி வழியாக, வல்லைவெளிக் காற்றில் மெல்லப் பருத்தித்துறைக்கு ஓடட்டும். திரும்பும்போது கொடிகாமம் வழியாக வரட்டும். அங்கே தட்டிவான்களும் சேர்ந்துகொள்ளட்டும்.

துன்பகாலத்தைக் கொண்டாடுவதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. காரும் காசும் இல்லாதோரே அன்று மிகப் பலர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, மக்கள் மழையில் நடந்தும் சைக்கிளை உருட்டியுமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். கார்களின் கதை அந்தக் கதையை மறைத்துவிடக் கூடாது. எனவே, திரும்பிவரும் வழியில் நாவற்குழிப் பாலத்தில் மட்டும் காரில் இருப்போர் இறங்கி நடக்கட்டும். சாரதி தனியே வெறுங்காரை ஓட்டி வரட்டும். நாங்கள் கொண்டாடுவது துன்பத்தையன்று, அதற்குள்ளும் கைவிடாத கெட்டித்தனத்தை என்பதை அந்த நடை சொல்லும்.

இதை வாசிக்கும் உங்களிற் பலர் ரொறன்ரோவிலும் பரிஸிலும் மெல்பேணிலும் இருப்பீர்கள். ஊரிலுள்ள வீட்டுக் கொட்டிலில் ஒரு மொறிஸ் மைனர் தூசி மூடிக் கிடக்கக்கூடும். அதை விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் அதை மண்ணெண்ணெயில் ஓட்டியவர் உயிரோடிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்து, எப்படி ஓட்டினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். விழாவுக்கு ஆண்டுகள் பிடிக்கலாம். அவர்களுக்கு அவ்வளவு காலமில்லை.