ஜப்பானுக்கு ஓர் எட்டு

"பக்கத்து வீட்டுக்கு ஓர் எட்டு போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறோம் அல்லவா? அந்த மாதிரி இந்த வாரம் ஜப்பானுக்கு ஓர் எட்டு போய் வருவோம். கப்பல் வேண்டாம், விமானம் வேண்டாம். ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் இருந்தால் போதும். ஏனென்றால் நாம் பார்க்கப் போவதே ஓர் எட்டைத்தான். ஜப்பானியர் எழுதும் எட்டு!

ஜப்பானிய எழுத்து என்றதும் பலருக்கு மிரட்சி உண்டாகிறது. அன்றாட உபயோகத்துக்கு என்று அரசாங்கம் 2010-ல் திருத்தி வெளியிட்ட பட்டியலிலேயே 2,136 சித்திர எழுத்துக்கள் இருக்கின்றன என்றால் மிரளாமல் என்ன செய்வது? ஆனால் முதல் வகுப்புக் குழந்தை கற்பது 80 எழுத்துக்கள்தான். அந்த எண்பதில் எட்டும் ஒன்று. அதை எழுத இரண்டே கோடு!

பென்சிலை எடுங்கள். மேலிருந்து தொடங்கி இடப்புறமாகக் கீழே சரியும் ஒரு கோடு. பிறகு வலப்புறமாகச் சரியும் ஒரு கோடு. அவ்வளவுதான். ஓலைக் கூரையின் இரண்டு சரிவு மாதிரி இருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உச்சியில் இரண்டு கோடும் ஒட்டக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒட்டிக்கொண்டால் அது எட்டு அல்ல. 'மனிதன்' என்ற வேறு எழுத்தாகிவிடும். எழுத்தாராய்ச்சிக்காரர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். இந்த எழுத்து பழைய சீனாவில் பிறந்தபோது எண்ணைக் குறிக்கவில்லையாம். ஒன்று இரண்டாகப் பிரிவதைக் காட்டியதாம். இந்தப் பிரிவினைச் சங்கதியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

எழுதியாயிற்று, வாசிக்க வேண்டாமா? 'ஹச்சி' என்பது சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பு. 'யா' என்பது ஜப்பானியரின் சொந்த உச்சரிப்பு. ஆகஸ்ட் மாதத்துக்குப் பெயர் 'எட்டாம் மாதம்'. அங்கே 'ஹச்சி' வருகிறது. கடையில் எட்டு ஆப்பிள் கேட்டால் 'யாட்ஸு' என்று கேட்க வேண்டும். கீழ்நோக்கிச் சரிந்த மீசைக்கு 'எட்டெழுத்து மீசை' என்று பெயர். கவலையில் ஒருவர் முகம் சுளித்தால் புருவத்தை எட்டாக்கிக் கொண்டார் என்பார்கள்.

எண்களில் சகுனம் பார்ப்பதில் ஜப்பானியர் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. நாலுக்கு 'ஷி' என்று ஓர் உச்சரிப்பு. சாவுக்கும் அதே 'ஷி'. ஒன்பதுக்குக் 'கு', துன்பத்துக்கும் 'கு'. ஆகவே ஆஸ்பத்திரி அறைகளில் இந்த இரண்டு எண்களையும் தவிர்ப்பது உண்டு. எட்டுக்கு இந்த வம்பு இல்லை. மேலே குறுகிக் கீழே போகப் போக விரிகிறது அல்லவா? வாழ்வும் அப்படியே நாளாக ஆக விரியும் என்று அதை நல்ல எண்ணாகக் கொள்கிறார்கள்.

பழைய ஜப்பானிய மொழியில் எட்டு என்றால் 'ஏராளம்' என்றும் பொருள். காய்கறிக் கடைக்கு இன்றும் 'யாவோயா' என்று பெயர். எழுத்தைப் பார்த்தால் 'எண்ணூறு கடை' என்று இருக்கும். எண்ணூறு தினுசு சாமான் கிடைக்கும் என்ற பெருமை! வாயைத் திறந்தால் புளுகுகிறவனைப் பற்றி 'எண்ணூறு பொய்' என்பார்கள். நமக்கு முப்பத்து முக்கோடி தேவர்கள் என்றால் அவர்களுக்கு 'எண்ணூறு பதினாயிரம்' தெய்வங்கள். அதாவது எண்பது லட்சம். யாரும் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு அல்ல. மலையிலும் மரத்திலும் அருவியிலும் தெய்வம் உண்டு என்பதைச் சொல்லும் முறை.

குழந்தைகளின் மூன்று மணிப் பலகாரத்துக்கு 'ஒயாட்ஸு' என்று பெயர். இதிலும் எட்டு ஒளிந்திருக்கிறது. கடிகாரம் வருவதற்கு முன்பு, பிற்பகல் இரண்டு மூன்று மணி வேளைக்கு 'எட்டாம் பொழுது' என்று பெயர். அந்தக் கணக்கு முறை போய்விட்டது. பலகாரம் மட்டும் போகவில்லை!

டோக்கியோவில் ஷிபுயா ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கும் வெண்கல நாயின் பெயரும் 'எட்டு'தான். அதன் எஜமானர் சர்வகலாசாலைப் பேராசிரியர். 1925 மே மாதம் அவர் திடீரென்று காலமானார். ஹச்சி அதை அறியாமல் 1935 மார்ச்சில் தான் சாகும் வரையில் ஸ்டேஷனுக்கு வந்து அவருக்காகக் காத்திருந்தது. பிரியமாக 'ஹச்சிகோ' என்று அழைப்பார்கள்.

இனிச் சோற்றுக்கு வருவோம். 'அரிசி' என்ற எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் மேலே தலைகீழாக ஓர் எட்டு, நடுவில் கூட்டல் குறி போன்ற பத்து, கீழே ஓர் எட்டு: எண்பத்தெட்டு! ஒரு மணி அரிசி தட்டுக்கு வந்து சேருவதற்குள் குடியானவன் எண்பத்தெட்டு பாடுபட வேண்டும் என்று பெரியவர்கள் குழந்தைகளுக்குச் சொல்வார்கள். தட்டில் பருக்கை மீந்தால் இந்தக் கணக்குத்தான் காதில் விழும். எண்பத்தெட்டு வயது நிறைந்தவருக்கு 'அரிசி வயது' என்று விழா எடுக்கிறார்கள். வசந்தம் பிறந்த எண்பத்தெட்டாம் நாள், அதாவது மே மாதம் இரண்டாம் தேதி வாக்கில், உறைபனி பயம் நீங்கித் தேயிலை பறிக்கும் பருவம் என்பது குடியானவர் கணக்கு.

எண்பத்தெட்டு பாட்டையும் ஒரு குடும்பம் தனியாகப் பட முடியுமா? முடியாது. வாய்க்கால் பொது, நாற்று நடக் கூட்டம் வேண்டும். ஊரோடு ஒட்டி வாழ்ந்தால்தான் அரிசி. இங்கேதான் எட்டின் மற்றொரு முகம் தெரிகிறது.

'ஹச்சிபு' என்றால் பத்தில் எட்டுப் பங்கு. 'ஹரா' என்றால் வயிறு. 'ஹரா ஹச்சிபு' என்பது வயிற்றில் எட்டுப் பங்கு மட்டும் சாப்பிட்டு இரண்டு பங்கைக் காலியாக விடு என்ற அருமையான புத்திமதி. நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்ற ஒகினாவாத் தீவுக் கிழவர்கள் வாயில் இந்தச் சொல் அடிக்கடி வரும்.

ஆனால் 'முரா' என்றால் கிராமம். 'முரா ஹச்சிபு' என்றால்? ஊர் விலக்கு! கிராமத்தார் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய காரியங்கள் பத்து. கல்யாணம், பிள்ளைப்பேறு, நோய், வீடு கட்டுதல், வெள்ளம் என்று அவற்றில் எட்டை வெட்டிவிட்டு இரண்டை மட்டும் விட்டு வைப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த இரண்டு எவை? தீப்பிடித்தால் அணைப்பது, செத்தால் எடுத்துப் போடுவது. கருணை என்று எண்ண வேண்டாம். தீ அடுத்த கூரைக்குத் தாவும். பிணம் கிடந்தால் ஊரே நாறும். 'பங்கு' என்பதற்கு அவர்கள் எழுதும் எழுத்தைப் பாருங்கள்: மேலே எட்டு, கீழே ஒரு கத்தி!

இது ஏதோ பழங்காலத்துக் கதை அல்ல. 1952 மே மாதம் ஷிஸுஒகா மாகாணத்தில் பார்லிமெண்ட் மேல்சபைக்கு ஓர் இடைத்தேர்தல் நடந்தது. உஎனோ என்ற கிராமத்தில் மற்றவர்களுடைய ஓட்டுச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு சிலர் கள்ள ஓட்டுப் போட்டார்கள். ஊருக்கெல்லாம் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி மட்டும் ஒரு பெரிய தினசரிக்குக் கடிதம் எழுதினாள். செய்தி வெளியாயிற்று. போலீஸார் ஊராரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

தவறு செய்தவர்கள் தலை குனிந்தார்களா? இல்லை. ஊரைக் காட்டிக் கொடுத்தாள் என்று அந்தக் குடும்பத்தையே விலக்கி வைத்தார்கள். அது நாற்று நடும் காலம். வழக்கமாக ஒத்தாசைக்கு வருகிறவர்கள் வரவில்லை. ஜப்பானில் அரிசிக்கு எண்பத்தெட்டு கைப்பாடு என்றால், அந்த வயலில் எத்தனை கைகள் குறைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. நாடெங்கும் இந்தச் செய்தி அடிபட்டது. 1953-ல் இது சினிமாப் படமாயிற்று. அவளும் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினாள். ஊர் விலக்கு அதோடு ஒழிந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. நீகாட்டா மாகாணத்துக் கிராமம் ஒன்றில் ஊர் விழா வேலையிலிருந்து விலகிக்கொண்டவர்களை ஒதுக்கி வைத்ததற்காக, ஊர்ப் பெரியவர்கள் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று 2007-ல் தீர்ப்பாயிற்று.

ஜப்பானியர் பழமொழி ஒன்று உண்டு: 'ஏழு தரம் விழு, எட்டு தரம் எழு'. தள்ளத் தள்ள நிமிரும் 'தருமா' பொம்மையோடு சேர்த்து இதைச் சொல்வார்கள். கணக்கு வாத்தியார் விடுவாரா? "ஏழு தரம் விழுந்தவன் ஏழு தரம்தானே எழ முடியும்? எட்டாவது எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார். பிறந்த குழந்தை படுத்துத்தானே கிடக்கிறது, அது முதன்முதலில் எழுந்ததையும் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள்.

எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஊரெல்லாம் தெரிந்தும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும்போது, விழாமலே ஒருத்தி எழுந்து நிற்கிறாளே, அந்த எட்டாவது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.