பொது நீரும் தனி முடிவும்

புதிய தொழினுட்பத்தை ஏற்கத் தயங்கும் பண்ணையாளரிடம் கல்விக் குறைவையோ பிடிவாதத்தையோ காண்பது விரிவாக்கத் துறையில் நெடுங்கால வழக்கம். இலங்கையின் முந்தல் பகுதியில் நடக்கும் இறால் வளர்ப்பை அருகிருந்து கவனித்தவர்களுக்கு அவ்விளக்கம் போதுமானதாக இராது. சிலாபம், முந்தல், புத்தளம் ஆகிய களப்புகளை ஒல்லாந்தர் கால்வாய் ஒரே நீர்த்தொகுதியாக இணைப்பதால், ஒரு பண்ணை வெளியேற்றும் நீரே மற்றொரு பண்ணைக்குள் ஏற்றப்படுகிறது. 1996இல் இலங்கையை எட்டிய வெண்புள்ளி நோய், அதாவது மூன்று முதல் பத்து நாள்களுக்குள் ஒரு குளத்து இறால் முழுவதையும் அழிக்கவல்ல வைரசுத் தொற்று, இந்த இணைப்பின் விலையை அனைவருக்கும் உணர்த்தியது.

பொருளியலாளர் தியோடர் சூல்ட்ஸ், 1975இல் வெளியான கட்டுரையொன்றில், பழகிய நிலைமை குலையும்போது மாற்றத்தை உணர்ந்து, அதன் பொருளை ஆராய்ந்து, தம் வளங்களைத் திருத்தியமைக்கும் ஆற்றலை உழவரின் முக்கியமான திறனொன்றாகக் கண்டார். அத்திறனுள்ள முந்தல் பண்ணையாளர், அயலவர் நோயுற்ற குளத்தைக் கால்வாயில் திறந்துவிடுகின்ற வரையில், நண்டுகள் குளத்துள் புகாமல் தடுக்கும் தமது வேலியும் நீர்ச் சுத்திகரிப்பும் முழுப் பயன் தரா என்று கணக்கிட்டுச் செலவைத் தள்ளிப்போடக்கூடும். அது சிந்தனைக் குறைவு ஆகாது.

அறிவுரைக்குச் செவிசாய்த்தலையும் இந்த ஒளியிலேயே அளக்க வேண்டும். இறால் குஞ்சுகளை பி.சி.ஆர். பரிசோதனைக்கு, அதாவது வைரசின் மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனைக்கு, உட்படுத்திய பின்னும் நோய் வந்தது ஏன் என்று கேட்பவர் அறிவுரையை மறுப்பவர் அல்லர். தொற்று நூற்றில் இரண்டு குஞ்சுகளுக்கே இருக்குமாயின், சோதனை பிழையற்றது எனக் கொண்டாலும், தொற்றுள்ள குஞ்சு ஒன்றேனும் மாதிரியில் அகப்படும் வாய்ப்பு 95 விழுக்காட்டை எட்ட ஏறக்குறைய 150 குஞ்சுகள் எழுமாறாக எடுக்கப்பட வேண்டும். முப்பது மட்டும் எடுத்தால் அவ்வாய்ப்பு பாதிக்கும் கீழே போகிறது. குஞ்சுகள் தூயவையாயினும், கால்வாய் நீரோடு வரும் நண்டும் காட்டு இறாலும் நோயைக் கொணரலாம். இவ்வளவையும் சொல்லாமல் சான்றிதழை மட்டும் நீட்டும் ஆலோசனை முதல் இழப்போடு நம்பிக்கையை இழப்பதில் வியப்பில்லை. ஐயத்தோடு கேட்டு, விளக்கம் பெற்று ஏற்றவரோ அடுத்த பருவத்திலும் சோதனையைக் கைவிடமாட்டார்.

எந்த வலயம் எப்போது குஞ்சு விடுவது என்பதை வகுக்கும் பயிர் நாட்காட்டி இப்பகுதியில் வேரூன்றியதற்கும் பொது நீர் பற்றிய இந்தக் கணக்கே காரணம் எனலாம். நக்டா என அழைக்கப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் கூடியிருந்தே அதனை வகுப்பதால், தனியொருவரின் கட்டுப்பாடு வீணாகும் என்ற அச்சம் குறைகிறது. ஆகவே, புதிய தொழினுட்பத்தை ஏற்போர் தொகையைக் கணக்கிடும் உத்தியோகத்தர்கள், ஏற்க மறுத்தவர் சொன்ன காரணத்தையும் அவர் எந்தக் கால்வாய்ப் பகுதியில் நீரெடுக்கிறார் என்பதையும் உடன் பதிவுசெய்து, அடுத்த நாட்காட்டிக் கூட்டத்தில் அவர் முன்னிலையிலேயே அவற்றை விவாதத்துக்கு வைக்க வேண்டும்.