கிடைக்கவில்லையா, தேடவில்லையா?

கணினி சொல்லும் பொய்களிலேயே மிகச் சின்னது எது? "முடிவுகள் எதுவும் இல்லை." மூன்றே சொற்கள்.

வீட்டுக் கடனைக் கட்டி முடித்த ஒருவர், வங்கி அனுப்பிய 'நோ டியூ' சான்றிதழைத் தன் மின்னஞ்சலில் தேடுகிறார். ஓய்வு பெறப்போகும் ஒரு குமாஸ்தா, பி.எஃப். எண் வந்த பழைய மடலைத் தேடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண், ஊரில் உள்ள பெரியப்பாவின் தொலைபேசி எண்ணைத் தேடுகிறாள். மூவருக்கும் அதே மூன்று சொற்கள்தான் பதில். ஆனால் மடலும் எண்ணும் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. மென்பொருள் அங்கே போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்காததை 'இல்லை' என்று சொல்லிவிட்டது.

மளிகைக் கடையில் ஒரு பையன் பின்கட்டுக்குப் போய்ப் பார்க்காமலே "இல்லீங்க" என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால், முதலாளி அவனை என்ன செய்வார்? கோடிக்கணக்கான பேருடைய கடிதங்களைக் காத்து வைத்திருக்கும் மென்பொருள் தினமும் அதைத்தான் செய்கிறது. அதை யாரும் திட்டுவதில்லை. மாறாக, தேடியவர்தான் திட்டு வாங்குகிறார். "சரியா டைப் பண்ணீங்களா?", "இண்டெக்ஸை ரீபில்ட் பண்ணீங்களா?", "நீங்களே டெலீட் பண்ணியிருப்பீங்க!"

தேடல் வேலை செய்யாதபோது பழி பயனர் மேல் விழுவது அநியாயம். பெரும்பாலான வேளைகளில் கோளாறு, மென்பொருளை எழுதியவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்னால் எடுத்த முடிவுகளில் இருக்கிறது.

அடுக்க வேண்டாம் என்று சொன்னது யார்?

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி இடம் தருவதாகச் சொன்னது. அப்போது ஹாட்மெயில் தந்தது 2 எம்பி, யாகூ தந்தது 4 எம்பி. ஏப்ரல் ஃபூல் செய்தி என்றே பலர் நினைத்தார்கள். இடத்தோடு கூட ஒரு புதிய பழக்கமும் வந்தது: மடல்களை அழிக்க வேண்டாம், கோப்புறை கோப்புறையாகப் பிரிக்க வேண்டாம், வேண்டும்போது தேடிக்கொள்ளலாம். மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள்.

அதற்கு முன் ஒரு மடல் எங்கே இருக்கிறது என்பது அதை வைத்தவருக்குத் தெரியும். பீரோவில் எந்தத் தட்டில் பத்திரம் இருக்கிறது என்று பாட்டிக்குத் தெரிவது போல. இப்போது அது தேடல் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். பீரோச் சாவியை வாங்கிக்கொண்டவனுக்குப் பீரோவில் உள்ளதைப் பற்றி உண்மை சொல்லும் கடமையும் சேர்ந்தே வருகிறது.

மென்பொருளுக்குத் தெரியும், ஆனால் சொல்லாது

தேடல் என்பது ஒவ்வொரு முறையும் எல்லா மடல்களையும் படிப்பது அல்ல. முன்கூட்டியே ஒரு அட்டவணை தயாராகிறது: புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்த மடலில் என்று. அட்டவணையில் ஏறாத மடல் தேடலைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

அவுட்லுக் 2007 பதிப்பிலிருந்து இந்த அட்டவணை வேலையை விண்டோஸின் தேடல் சேவையிடம் ஒப்படைத்தது. அந்தச் சேவை நின்றாலோ பாதியில் தடுமாறினாலோ, வட்டில் உள்ள மடல்களைத் தேடுவது முடமாகிவிடும். இன்னொன்று, அலுவலகக் கணக்குகளில் அவுட்லுக் பெரும்பாலும் கடைசி 12 மாத மடல்களை மட்டும் கணினியில் வைத்திருக்கும். பழையவை வழங்கியில் இருக்கும். ஜிமெயிலோ வழக்கமான தேடலில் ஸ்பேம், குப்பைத்தொட்டி இரண்டையும் விட்டுவிடும். அந்த இரண்டிலும் கிடப்பவை 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். "இல்லை" என்ற பதிலை நம்பி ஒருவர் ஒரு மாதம் சும்மா இருந்தால், பொய் உண்மையாகிவிடும்!

வங்கிகள் அனுப்பும் பிடிஎஃப் கோப்புகள் கடவுச்சொல் போட்டுப் பூட்டியவை. அவற்றின் உள்ளே இருப்பதை அட்டவணை படிக்க முடியாது. ஸ்கேன் செய்த ரசீது ஒரு படம்தான். அதில் உள்ள எழுத்தைத் தனியாகப் பிரித்தெடுக்காத மென்பொருளுக்கு அது வெறும் புகைப்படம்.

இதில் எதுவும் குற்றமில்லை. எல்லாவற்றையும் எப்போதும் தேட முடியாது என்பது நியாயமான வரம்பு. குற்றம், அந்த வரம்பை மறைப்பதில் இருக்கிறது. சொல்ல முடியாத விஷயமும் இல்லை இது. அட்டவணை இன்னும் முடியவில்லை, முடிவுகள் குறைவாக இருக்கலாம் என்று அவுட்லுக் சில சமயம் எச்சரிக்கிறது. குப்பையிலும் ஸ்பேமிலும் பொருந்தும் மடல்கள் உள்ளன என்று ஜிமெயிலும் ஒரு வரி காட்டுவதுண்டு. ஆக, சொல்லத் தெரியும்! சில இடத்தில் சொல்கிறவர்கள் எல்லா இடத்திலும் சொல்லாதது ஏன்? 'முடிவுகள் எதுவும் இல்லை' என்பதற்குப் பதிலாக, '2024 வரைதான் பார்த்தேன், 37 இணைப்புகளைத் திறக்க முடியவில்லை' என்று எழுதினால் திரை அசிங்கமாகிவிடுமா?

இதற்குப் பதிலாகக் கிடைப்பது பரிகாரப் பட்டியல். கணினியை அணைத்துப் போடுங்கள். இண்டெக்ஸை அழித்து மறுபடி கட்டுங்கள். தண்டர்பேர்ட் என்றால் தேடல் அட்டவணைக் கோப்பை நீக்கிவிட்டுத் திறங்கள். இவை பல நேரம் பலிக்கவும் செய்கின்றன. ஆனால் ஜாதகம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பரிகாரம் சொல்லும் ஜோசியரை ஊர் எத்தனை நாள் நம்பும்? அட்டவணையைக் கட்டும் விதியே தப்பாக இருந்தால், நூறு முறை இடித்துக் கட்டினாலும் அதே கோணல் சுவர்தான் எழும்பும்.

தமிழில் தேடினால்...

விதியே தப்பு என்பதற்குத் தமிழை விட நல்ல சாட்சி கிடையாது.

முதல் கோளாறு: ஒருங்குறியில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க' வுக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறியைப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். இரண்டும் சமம் என்று ஒருங்குறி விதியே சொல்கிறது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதற்குப் பெயர் நார்மலைசேஷன். அதைச் செய்யாத நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. பல கைப்பேசிச் செயலிகளுக்கு அடியில் இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம் இதைத் தானாகச் செய்யாது; நிரலர்தான் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால், 'கோபால்' கண்ணெதிரே இருக்கும்போதே 'கோபால்' இல்லை என்று பதில் வரும்.

'ஸ்ரீ' கதை இன்னும் மோசம். 2005இல் ஒருங்குறி 4.1 பதிப்பில் 'ஶ' என்ற எழுத்து சேர்ந்த பிறகு, 'ஸ்ரீ'யை 'ஸ' வைத்தும் எழுதலாம், 'ஶ' வைத்தும் எழுதலாம். நார்மலைசேஷன் கூட இந்த இரண்டையும் சேர்த்து வைக்காது. தனியாக ஒரு விதி எழுத வேண்டும். ஸ்ரீதர்களும் ஸ்ரீவித்யாக்களும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் போலிருக்கிறது!

இரண்டாவது கோளாறு: சொல்லை வெட்டும் விதம். அட்டவணை போடும் நிரல், எது சொல், எங்கே அது முடிகிறது என்று தீர்மானிக்க வேண்டும். ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய விதிகள் 'எழுத்து' என்ற வகையில் வருபவற்றை மட்டும் சொல்லில் சேர்க்கின்றன. தமிழின் புள்ளியும் கால், கொம்பு, கொக்கிகளும் ஒருங்குறியில் எழுத்து வகையில் இல்லை. 'குறி' வகையில் இருக்கின்றன. விளைவு? பைத்தான் மொழியின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் நிரல்தொகுப்பிடம் 'தமிழ்' என்பதைக் கொடுத்துச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால், 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும். இப்படி வெட்டினால் 'ராஜா'வும் 'ரோஜா'வும் ஒன்றுதான்: ர, ஜ. ராஜாவைத் தேடினால் ரோஜா வந்து நிற்பாள்.

மூன்றாவது: வேற்றுமை உருபு. 'பணம்' என்று தேடுபவருக்கு 'பணத்தை அனுப்பிவிட்டேன்' என்ற மடல்தான் வேண்டும். ஆங்கிலச் சொற்களின் வாலை வெட்டி வேரைப் பிடிக்கும் முறையை மார்ட்டின் போர்ட்டர் 1980இலேயே வெளியிட்டுவிட்டார். தமிழுக்கு அது முடியாத காரியமா? இல்லை. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 தரவுத்தளம் தமிழுக்கும் அப்படி ஒரு வசதியை இலவசமாகச் சேர்த்துக்கொண்டது. கருவி இருக்கிறது. எடுத்துப் பொருத்தத்தான் மனமில்லை.

இதோடு பழைய பாவங்களும் உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய காலத்து மடல்கள் திஸ்கியிலும் பாமினியிலும் தாப், தாமிலும் எழுதப்பட்டவை. பாமினி மடலைப் பொறுத்தவரை, கணினிக்குத் தெரிவது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். 20 ஆண்டுத் தமிழ்க் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒருவரிடம் அவை இருக்கின்றன. தேடினால் ஒன்றும் அகப்படாது.

விதிமுறைகளை எழுதியவர்களும் அவசரப்படவில்லை. ஒருங்குறியின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. அதிலேயே தமிழ் இருந்தது. மின்னஞ்சல் வழங்கியில் தேடுவதற்கான ஐமேப் விதி, 2003ஆம் ஆண்டுப் பதிப்பில்கூட ஆங்கில எழுத்துகளை மட்டுமே கட்டாயமாக்கியது. மற்ற மொழிகள் வழங்கியின் விருப்பம். யூடிஎஃப்-8 கட்டாயம் என்று எழுத 2021 வரை ஆயிற்று. 30 ஆண்டுகள்!

கடைசிப் பெயர் இல்லாதவர்கள்

தொடர்புப் பட்டியல்களில் கோளாறு இன்னும் அடிப்படையானது. 1998இல் வந்த விகார்ட் 3.0 விதி, பெயரை ஐந்து அறைகளாகப் பிரித்தது. முதல் அறை குடும்பப் பெயருக்கு. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து உண்டு, சிலருக்கு ஊரின் முதலெழுத்தும் உண்டு. 'கே. சரவணன்' என்பவர் ஒரு பட்டியலில் முதல் பெயர் 'கே' ஆகவும், இன்னொன்றில் கடைசிப் பெயர் 'கே' ஆகவும், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக முளைத்தும் உட்கார்ந்திருப்பார். பெயரின் தொடக்கத்திலிருந்து மட்டும் பொருத்திப் பார்க்கும் பட்டியலில் 'சரவணன்' என்று அடித்தால் அவர் வரமாட்டார்.

ஆங்கில எழுத்தில் பெயர் எழுதுவது அடுத்த கூத்து. லட்சுமிக்கு 'கே எஸ் எச்' போடுபவர் உண்டு, 'எக்ஸ்' போடுபவர் உண்டு. 'ழ'வுக்கு 'இசட் எச்' போடுபவரும் வெறும் 'எல்' போடுபவரும் ஒரே தெருவில் இருப்பார்கள். ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டில் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை பெற்றார். கணினியே இல்லாத காலம்! ஆங்கிலப் பெயர்களுக்கு அட்டைப் பெட்டியிலேயே கிடைத்த உதவி, தமிழ்ப் பெயர்களுக்குக் கைப்பேசியில் கிடைக்கக் கூடாதா?

சில பதில்கள்

"தமிழில் யார் மடல் எழுதுகிறார்கள்? சந்தை சிறியது" என்பார்கள். எழுதியதைத் திரும்ப எடுக்க முடியாத மொழியில் யார்தான் எழுதுவார்கள்? காரணத்தை விளைவாகக் காட்டுவது பழைய தந்திரம்.

"பயனர்கள் ஒழுங்காகப் பெயர் வைத்துச் சேமிக்க வேண்டும்" என்பார்கள். ஒழுங்கு வேண்டாம், தேடிக்கொள்ளலாம் என்று பழக்கிவிட்டவர்களே அதைச் சொல்லக் கூடாது.

"செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்" என்பது இப்போதைய பதில். அதுவும் கையில் கிடைத்த மடல்களைத்தான் படிக்கும். தமிழை 'தம', 'ழ' என்று வெட்டிய அட்டவணையிலிருந்து எடுத்துக் கொடுத்தால், அதுவும் அதே "இல்லை"யைச் சொல்லும். கூடுதல் மரியாதையோடு, நீண்ட வாக்கியத்தில்.

கேட்க வேண்டியவை இவை. எதையெல்லாம் தேடவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். ஒப்பிடும் முன் எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். புள்ளியையும் கொம்பையும் சொல்லின் பகுதியாக ஏற்க வேண்டும். பெயருக்கு ஒரே ஒரு அறை போதும். அதன் எந்தப் பகுதியை அடித்தாலும் ஆள் வர வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

அதுவரை, தேடி அலுத்தவர்கள் சிலவற்றைச் செய்து பார்க்கலாம். ஸ்பேமையும் குப்பையையும் முதலில் பார்ப்பது, ஏனென்றால் அங்கே 30 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும். கணினியில் கிடைக்காததை வலைத்தளத்தில் நுழைந்து வழங்கியில் தேடுவது. சொல்லுக்குப் பதிலாக அனுப்பியவர் முகவரியையோ தேதியையோ வைத்துத் தேடுவது. எண்களை மென்பொருள் பெரும்பாலும் இரண்டாக வெட்டுவதில்லை. தொடர்பில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து எழுதி வைப்பது. இண்டெக்ஸை ரீபில்ட் செய்வது கடைசியாக.

இத்தனைக்கும் பிறகும் "முடிவுகள் எதுவும் இல்லை" என்று வந்தால், அந்த மடல் வரவே இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். வங்கிக்கு நடப்பதற்கு முன், பெரியப்பா வீட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு முன், மென்பொருள் உருவாக்கியவருக்கு ஒரு புகார் மடல் அனுப்பலாம். தமிழிலேயே அனுப்பலாம். அதை அவர்களால் தேடி எடுக்க முடிகிறதா என்றும் தெரிந்துவிடும்.