கேக்கில் பூ வைக்கலாமா?

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தங்கைக்கு அடுத்த மாதம் சர்ச்சில் கல்யாணம். கேக்கை இவரே வீட்டில் செய்யப் போகிறாராம். “ஓடைக்கரையில் வெள்ளை லில்லி கொத்துக் கொத்தாய்ப் பூத்துக் கிடக்கிறது. காசு செலவில்லை. அதையே கேக்கைச் சுற்றிச் செருகிவிடலாமா?” என்று கேட்கிறார்.

அவசரப்படாதீங்க சகோதரி! புனல் போல வெள்ளையாய், நடுவில் மஞ்சள் குச்சியோடு இருக்குமே, அந்த ஏரம் லில்லிதானே? பார்க்க அழகு. ஆனால் கேக்குக்கு ஆகாது. சேனை, சேப்பங்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்த செடி அது. பச்சைச் சேனையை நறுக்கினால் கை அரிக்கிறதல்லவா? அதிலுள்ள ஊசி போன்ற ஆக்ஸலேட் படிகங்கள்தான் காரணம். அதே ஊசிகள் இந்தப் பூவிலும் தண்டிலும் இருக்கின்றன. குழந்தை கடித்துவிட்டால் வாய் எரியும், நாக்கும் உதடும் வீங்கும்.

“வெட்டும்போது பூவை எடுத்துவிடுவோமே!” என்பீர்கள். ஆனால் தண்டின் சாறு கிரீமில் இறங்கிவிடும். அதற்குள் ஒரு பொடிசு கையை நீட்டி இதழைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கேக்கைத் தொடும் பூவும் சாப்பாட்டுப் பண்டம்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் மலையில் ஒதுக்க வேண்டிய பூக்கள் இன்னும் உண்டு. பங்களா வாசலில் உருண்டையாய்ப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா, மணி போலத் தலைகீழாய்த் தொங்கும் ஊமத்தை இனப் பூ, இதய மருந்து எடுக்கும் டிஜிட்டாலிஸ், வேலியோர உண்ணிப்பூ, அரளி, செங்காந்தள் எதுவும் கேக்கின் பக்கமே வரக்கூடாது.

அப்படியானால் கடையில் ரோஜா, கார்னேஷன் வாங்கலாமா? அங்கேயும் ஒரு சங்கடம். கண்ணாடிக் குடில்களில் விற்பனைக்காக வளர்க்கும் பூக்களுக்குப் பூச்சிமருந்து அடிப்பார்கள். சாப்பிடுவதற்கென்று வளர்ப்பதில்லை அல்லவா? சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஊறிவிடும், கழுவினாலும் போகாது. சத்தியமங்கலத்திலிருந்து மலையேறி வரும் மல்லிகைச் சரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். இவற்றை மேஜை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேக்குக்கு உங்கள் வீட்டுத் தோட்டமே போதும். மருந்து அடிக்காத ரோஜா, பேன்ஸி, நாஸ்டர்ஷியம், செம்பருத்தி, லாவண்டர் இவையெல்லாம் சாப்பிடக்கூடிய பூக்கள். 2018 மே மாதம் வின்ட்சரில் நடந்த இளவரசர் ஹாரியின் கல்யாணக் கேக்கிலும் சர்க்கரைப் பூ இல்லை. நிஜமான ரோஜாவும் பியோனியும்தான் வைத்தார்கள். ஆனால் ஒன்று, பெயர் நிச்சயமாகத் தெரியாத பூவை மட்டும் எடுக்காதீங்க.

செய்முறை இதுதான்:

1. காலையில் பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். பாதையோரத்திலும், மருந்து தெளிக்கும் தேயிலைப் பாத்தி ஓரத்திலும் பறிக்க வேண்டாம்.

2. உதறிப் பூச்சிகளை விரட்டி, சுத்தமான தண்ணீரில் மெதுவாய் அலசி, மெல்லிய துணியில் உலர்த்துங்கள். நடுவிலுள்ள மகரந்தக் காம்புகளைக் கிள்ளிவிடுங்கள். மகரந்தம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

3. தண்டை நேராகக் கேக்கில் குத்தாதீர்கள். குளிர்பானம் குடிக்கும் புதுக் குழலைச் சிறு துண்டாய் வெட்டி, அடியை மடித்து மூடிக் கேக்கில் செருகி, அதற்குள் தண்டை நிறுத்துங்கள். பூக்காரர்களின் கம்பி, பச்சை டேப், குண்டூசி கூடவே கூடாது.

4. கொண்டை ஊசி வளைவுகளில் கேக் குலுங்கும். அதனால் பூக்களைத் தனி டப்பாவில் எடுத்துப் போய், மண்டபத்தில் கடைசியாக வையுங்கள். எத்தனை பூ, எத்தனை குழல் என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குழந்தை ஆகாத பூவைக் கடித்துவிட்டால்? பதறாதீங்க. வாயிலிருப்பதை வழித்தெடுத்து, வாயைக் கழுவிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்சப் பூவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன பூ என்று டாக்டர் பார்க்க அது உதவும். மூச்சுத் திணறினாலோ, நாக்கு வீங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

குன்னூர்ச் சகோதரிக்கு ஒரு வார்த்தை: ஏரம் லில்லியை வீணாக்க வேண்டாம். தங்கை கையில் பூங்கொத்தாகக் கொடுங்கள், ஜோராக இருக்கும்! கேக்குக்கு மட்டும் உங்கள் வீட்டு ரோஜா போதும். மணமக்களுக்கு நம் ஆசிகள்!