பிரபுவுக்கு மூளை, குமாஸ்தாவுக்கு அதிர்ஷ்டமா?

இங்கிலாந்தின் டோரதி சேயர்ஸ் அம்மையார் 1923இல் உலவவிட்ட துப்பறிவாளர் பீட்டர் விம்சி, கோமகன் வீட்டு இளைய மகன். பிழைப்புக்காக அல்ல, பொழுதுபோக்காகக் கொலைகளை ஆராய்கிறாராம்! தடயங்களைப் படம் பிடித்துத் தருபவர் பணியாள் பன்ட்டர்; புகழ் மாலையோ பிரபுவின் கழுத்தில்!

தமிழில் மட்டும் என்ன? தேவனின் துப்பறியும் சாம்பு, வங்கிக் குமாஸ்தா. சம்பளக்காரனுக்கும் இடம் கிடைத்ததே என்று மகிழப் போனால், அவன் அசடு, அதிர்ஷ்டத்தால் வெல்பவன்! சிரித்தோம், நாமுந்தான். செல்வனுக்கு அறிவு, ஏழைக்குத் தலையெழுத்து என்ற பழைய புராணம்தானே இது?

மாதவரம் பால்பண்ணைக்கு வாருங்கள். பால்மானி மிதக்கும் மட்டத்தைப் பார்த்தே, கலந்த தண்ணீரைக் கண்டுபிடிக்கிறானே தொழிலாளி, அவன் துப்பறிவாளன் இல்லையா? இளைஞர்காள், அவனை நாயகனாக்கி எழுதுங்கள். அச்சேற்ற நாம் காத்திருக்கிறோம்.