மூச்சும் முயற்சியும்

அக்காலத்தில் கல்லூரி மைதானத்தைச் சுற்றி ஓடியவருள், இன்று மண்டபப் படியேறவே மூச்சு வாங்குவார் சிலர் உளர். அவர்க்குக் காற்றுப் போதவில்லை என்றே நாம் எண்ணுகின்றோம். எம்பிசீமா என்னும் நோயில் உண்மை இதற்கு மறுதலையாகும். அந்நோயாளர் நெஞ்சிற் காற்று வெளியேற வழியின்றித் தேங்கிக் கிடக்கின்றது. யோக நூலார் மொழியிற் கூறின், பூரகம் நிகழ்கின்றது. இரேசகம் முற்றுப் பெறுவதில்லை.

காற்றுச் சிற்றறைகளின் சுவர்கள் பெரும்பாலும் புகையினால் அழிய, நுரையீரல் தன் மீள்தன்மையை இழந்து பருக்கின்றது. அதன் கீழுள்ள பிரிமென்றகடு இயல்பிற் கவிழ்ந்த கிண்ணம் போன்றது. அது சுருங்கித் தாழ்வதனாலேயே மூச்சு உள்ளே வருகின்றது. பருத்த நுரையீரல் அதனை அழுத்தித் தட்டையாக்கிவிட, முன்னரே குறுகிய தசை மேலுஞ் சுருங்க இடமின்றித் தவிக்கின்றது. அச்சுமையைக் கழுத்துத் தசைகள் ஏற்கின்றன. ஆதலின் இந்நோயாளர் இளைப்பு நுரையீரலின் இளைப்பு மட்டுமன்று, தசையின் இளைப்புமாம்.

இதனைத் தெளிவாக்கியது சத்திரசிகிச்சை. நோயுற்ற நுரையீரலில் ஒரு பகுதியை நீக்கினால் மூச்சு எளிதாகும் என, 1950களில் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒற்றோ பிராண்டிகன் துணிந்தார். இறந்தோர் பலராகையால் அம்முறை கைவிடப்பட்டது. 1993இல் சென் லூயிஸ் நகரில் ஜோயல் கூப்பர் அதற்குப் புத்துயிர் அளித்தார். நுரையீரலில் நூற்றுக்கு 20 முதல் 30 வரையான பங்கு நீக்கப்பட, பிரிமென்றகடு மேலெழுந்து வளைவும் வலிமையும் மீளப் பெற்றது. குறைத்தலால் நிறைவு எய்திய விந்தை இது!

எனினும் கத்தி எல்லார்க்கும் ஏற்றதன்று. 1218 நோயாளரைக் கொண்டு அமெரிக்காவில் நிகழ்ந்து 2003இல் வெளியான ஆய்வு, நோய் நுரையீரலின் மேற்பாகத்தை மிகுதியும் பற்றி, உடலுழைப்பாற்றலும் குறைந்தவர்க்கே அது ஆயுளை நீட்டிற்று எனக் காட்டியது. மூச்சாற்றல் மிகக் குன்றிய சிலர்க்கு அதுவே எமனாயிற்று. யாம் வற்புறுத்த விழைவது வேறொன்று. கத்தி எவர்க்கு என வகுக்குமுன், அவ்வாய்விற் சேர்ந்த அனைவர்க்கும் பல வாரம் உடற்பயிற்சி அளிக்கப்பட்டது.

நம் இல்லங்களில் நிகழ்வது யாது? மூச்சு வாங்கும் முதியவரைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, "அசையாதிருங்கள்" என்கின்றோம். அன்பினாற் செய்யும் தீங்கு இது. அசையாக் கால் மெலிகின்றது. மெலிந்த கால் சிறு நடைக்கும் மிகுந்த மூச்சைக் கேட்கின்றது. அவர் மேலும் ஒடுங்குகின்றார். வைத்தியர் மேற்பார்வையில் அளவறிந்த நடையும், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சு விடும் பழக்கமும் அவர்க்கு வேண்டும். பயிற்சி அழிந்த சிற்றறையை மீட்பதில்லை. எஞ்சியதைக் கொண்டு வாழக் கற்பிக்கும்.

பழைய மாணவ அன்பர்காள்! புகையிலை விளையும் மண்ணிற் பிறந்து, சுருட்டுப் புகையிடையே வளர்ந்தவர் நாம். இளையோரைப் புகையினின்றும் விலக்குவோம். முதியோரைக் கதிரையினின்றும் எழுப்பிக் கைபிடித்து நடத்துவோம். யூபிலி ஆண்டில் நாம் ஒருவர்க்கொருவர் ஆற்றும் கடன் இதுவே என்பது எம் கருத்து.