கல்லை எண்ணினவன் ஆளை எண்ணலை

ஏனுங்க, 2,196 கல்லை ஒண்ணு விடாம எண்ணத் தெரிஞ்சவனுக்கு, அதைத் தோண்டிக் குடுத்த சனத்தை எண்ணத் தெரியாமப் போச்சா?

காங்கயத்துக்குப் பக்கத்துல படியூர், எங்க அம்மிச்சி ஊரு. 1819லயும் 1820லயும் ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரன் அங்க சுரங்கம் போட்டு அக்வாமரின் எடுத்தான். வெள்ளைப் பாறைக் கொடிக்குள்ள ஆறு பட்டையா விளையற கல்லு அது. வெளிச்சத்துல புடிச்சா கடல் தண்ணி நிறம். அந்த 2,196 கல்லோட மொத்த மதிப்பு 1,201 பவுண்டாம். அந்தக் கடைசி ஒத்தைப் பவுண்டைக்கூட விடாம எழுதி வெச்சிருக்கானுங்க! கடப்பாரை புடிச்சவன் ஆரு, மண்கூடை சுமந்தவ ஆரு, கூலி பணமா தவசமா? நான் படிச்ச குறிப்பு எதுலயும் ஒரு பேரு இல்லை. வேலை நின்னுது. கல்லு சீமைக்கு, குழி எங்களுக்கு.

அதுக்கு முன்னால மட்டும் எங்க சனத்துக்குக் கல்லோட அருமை தெரியாதுங்களா? ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலயே நொய்யல் கரைக் கொடுமணல்ல கல்லை அறுத்து, தேய்ச்சு, பொடிசா ஓட்டை போட்டு மணியாக் கோத்தாங்க. அக்வாமரினோட சாதியான பெரில் கல்லு இந்தியாவை விட்டா வேற எடத்துல அபூர்வம்னு ரோமாபுரி பிளினி எழுதியிருக்காரு. அந்தக் காலத்து யாவாரத்துல ரோமக் காசாவது இங்க வந்துச்சு. வெள்ளலூர்ல புதையலாவே கிடைச்சுது. ஹீத்து எடுத்ததுக்கு எங்களுக்கு என்ன வந்துச்சுங்க?

எங்க அவிநாசியில முதலை முழுங்குன புள்ளையவே சுந்தரர் பாடி மீட்டாரு. சீமை முழுங்குனதுக்குப் பாட ஆளில்லை.

போனது வெள்ளைக்காரனோடயாவது தொலைஞ்சுதா? மழை பெஞ்சு, உழவு ஓட்டுன காட்டுல அம்மிச்சி குனிஞ்சு குனிஞ்சு கல்லு பொறுக்குவா. முந்தானையில முடிஞ்சு வெப்பா. புரோக்கர் வருவான். டார்ச் அடிச்சுப் பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான். "உள்ளார விரிசல் இருக்குங்காத்தா, உங்களுக்காக எடுத்துக்கறேன்." அவன் குடுத்த காசு ஒரு வாரத்து மளிகைக்குப் பத்தாது. விரிசல் விழுந்த கல்லுக்கு அவன் ஏன் மறுபடி மறுபடி வண்டி ஏறி வரணும்? அம்மிச்சி ஒரு நாளும் கேக்கலை. வந்தவனுக்கு மோரு குடுத்து அனுப்புனா. எனக்கு வயிறு எரியறது அந்த மோருக்குத்தான்.

இனி வரட்டும். அந்த டார்ச்சை நான் வாங்கிப் பார்த்துட்டுத்தான் வெலை பேசுவேன்.